ஆள் கோப்பு: பெயரும் திகதியும்

தோட்டத்து அலுவலகத்தில் மனிதவள உதவியாளராகச் சேரும் ஒருவரிடம் முதல் வாரத்தில் ஒப்படைக்கப்படுவது ஒரு கணினியும் ஓர் அலுமாரிச் சாவியும்தான். கணினி ஒரு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அலுமாரிக்குள் அடுக்கி வைத்திருக்கும் ஆள் கோப்புகள் அப்படி வராது. இந்த அத்தியாயம் அந்த அலுமாரியைப் பற்றியது. ஆள் எடுப்பது, பயிற்சி நடத்துவது, விசாரணைக்குக் குறிப்பு எழுதுவது எல்லாம் வேறு அத்தியாயங்களில் வரும். ஆனால் கோப்பில் பெயரும் திகதியும் பிழையாக இருந்தால், மற்ற எதில் நீங்கள் கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தத் தொழிலாளிக்கு ஒரு பயனும் இல்லை. ஆகவே இதை முதலில் படியுங்கள்.

பசறை, மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுலை, தெமோதரை, ஹப்புத்தளை, பூனாகலை என்று எந்தப் பக்கத்துத் தோட்டத்திலும் முன்பு இந்த வேலையைப் பார்த்தவர், செக்ரோல் எனும் வரவுப் பதிவேட்டை எழுதும் கிளாக்கர். ஆளை வேலைக்கு வைப்பது துரை, ஆளைக் கொண்டுவருவது கங்காணி, பெயரை எழுதுவது கிளாக்கர். எழுதியவருக்குத் தமிழ்ப் பெயர்கள் பழக்கமில்லாமல் இருந்ததும் உண்டு. பிரட்டுக்களத்துச் சத்தத்தில் காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதிக்கொண்டதும் உண்டு. இன்று பல தோட்டங்களில் அந்தக் கதிரையில் லயத்தில் பிறந்து உயர்தரம் முடித்த ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். இதை நான் பெரிய மாற்றமாகவே நினைக்கிறேன். மேட்டு லயத்துப் பெருமாளும் பள்ளத்து லயத்துப் பெருமாளும் வேறு வேறு ஆட்கள் என்பது அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமலே தெரியும்.

ஐந்து தாள்

ஒருவருடைய கோப்பைத் திறந்தால் ஐந்து தாள்களை மேசையில் அருகருகே பரப்புங்கள்: பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, ஊழியர் சேமலாப நிதியின் பீ கார்ட், செக்ரோலில் அவர் பெயர் இருக்கும் பக்கத்தின் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். ஐந்திலும் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வாசித்துப் பார்த்தால் போதாது. விரலை வைத்துப் பார்க்க வேண்டும்.

லெட்சுமி என்ற பெயரை எடுங்கள். ஊவாவில் இந்தப் பெயர் இல்லாத தோட்டம் இருக்காது. பிறப்புச் சான்றிதழில் லெச்சுமி என்று தமிழில் இருக்கும். அடையாள அட்டையில் சிங்கள எழுத்தில் லக்ஷ்மி ஆகியிருக்கும். பீ கார்டில் இங்கிலீஷில் எல்-ஈ-டி என்று தொடங்கும், வங்கிப் புத்தகத்தில் எல்-ஏ-டி என்று தொடங்கும். முதலெழுத்தும் ஓரிடத்தில் அப்பாவுடையது, கலியாணத்துக்குப் பிறகு எடுத்த தாளில் கணவருடையது. வீட்டுக்காரருக்கும் அயலவருக்கும் இது ஒரே ஆள். கொழும்பில் இருந்து பணத்தை விடுவிக்க வேண்டிய அதிகாரிக்கு நான்கு ஆட்கள்.

இந்தக் குழப்பத்துக்கு அந்த அம்மா பொறுப்பில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரண்டு நாடுகளுக்கும் பங்கு பிரித்தது. 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களால்தான் மிச்சம் இருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. ஒவ்வொரு கட்டத்திலும் வேறொரு அலுவலகம், வேறொரு மொழி, வேறொரு எழுத்தர். பிறந்தபோது பதியப்படாமல், பிந்திய பதிவில் வயதை ஒரு மதிப்பாகச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். அலுவலக யன்னலுக்கு வெளியே பொலித்தீன் பையோடு நிற்கும் ஒருவரிடம் "ஏன் பேரை ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரிக் கொடுத்தீங்க?" என்று கேட்காதீர்கள். அவர் கொடுக்கவில்லை. எழுதியவர்கள் எழுதினார்கள்.

பிறந்த திகதியைச் சரிபார்க்க அடையாள அட்டை இலக்கமே உதவும். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்பட்டிருக்கும். 68572 என்று தொடங்கினால், 1968ஆம் ஆண்டின் 72ஆவது நாளில் பிறந்த பெண். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்து எண்ணுவார்கள், ஆகவே அது மார்ச் 12. 2016இலிருந்து வழங்கும் 12 இலக்கப் புதிய எண்ணில் ஆண்டு நான்கு இலக்கமாக 1968 என்று வரும், மற்றது அதே கணக்கு. பழைய எண், புதிய எண் இரண்டையும் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். நிதிக் கணக்கு பழைய எண்ணிலும் வங்கிக் கணக்கு புதிய எண்ணிலும் இருப்பவர்கள் நிறையப் பேர்.

திருத்தும் முறை

பிழை தெரிந்ததும் எந்தத் தாளை மூலமாக வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். அடையாள அட்டையை மூலமாக வையுங்கள் என்பதே என் ஆலோசனை. கடைசியில் பணத்தை எடுக்கப் போகும்போது கவுண்டரில் காட்டுவது அதைத்தான். அட்டையிலேயே பெரிய பிழை, உதாரணமாகப் பிறந்த ஆண்டே தவறு என்றால் மட்டும் முதலில் அதைத் திருத்த அனுப்புங்கள். அதற்குக் கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் என்று நடக்க வேண்டியிருக்கும். தொழிலாளிக்கு அந்த ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம். ஆகவே பசறையிலிருந்தோ ஹல்துமுல்லையிலிருந்தோ ஒருவரை பஸ் ஏற்றும் முன், என்னென்ன தாள் வேண்டும் என்று நீங்களே தொலைபேசியில் கேட்டு, பட்டியலைத் தமிழில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். இது உங்கள் வேலைப் பட்டியலில் இருக்காது. ஆனாலும் செய்யுங்கள்.

மற்றத் தாள்களில் உள்ள சிறு வேறுபாட்டுக்கு, இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, தோட்ட நிர்வாகத்தின் உறுதிக் கடிதத்தோடு தொழில் திணைக்களத்துக்குக் கொடுக்கலாம். உறுதிக் கடிதத்தை எழுதப்போவது நீங்கள்தான். "மேற்படி நபர் எமது ஊழியர்" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். எந்த டிவிஷன், செக்ரோல் இலக்கம் என்ன, எந்தத் திகதியில் சேர்ந்தார், நிதி இலக்கம் என்ன என்று நான்கையும் எழுதுங்கள். கடிதத்தை வாசிக்கும் அதிகாரிக்குச் சந்தேகம் கேட்க இடம் வைக்கக்கூடாது.

1992இல் அரச நிர்வாகத்தில் இருந்த தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறின. அதற்கு முன்பே வேலைக்கு வந்தவர்களின் கோப்பில் பழைய தொழில்கொள்வோரின் இலக்கம் ஒன்றும் புதிய இலக்கம் ஒன்றும் இருக்கக்கூடும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பெண்களுக்கும் அப்படித்தான். எல்லா இலக்கங்களையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். பழையதில் கிடக்கும் பணமும் அவருடையதுதான்.

பின்னுரித்தாளர் பெயரையும் பாருங்கள். பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்தபோது அம்மாவின் பெயரைப் போட்டவர், இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பார். அம்மா காலமாகியிருப்பார். பெயர் மட்டும் அப்படியே இருக்கும். இறப்பு வீட்டுக்குப் போய்த் தாள் கேட்பதைவிட, உயிரோடு இருக்கும்போது கேட்டு மாற்றி வைப்பது எவ்வளவோ மேல்.

கோப்பில் இருந்து பணம் எப்படி வருகிறது

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 சதவீதம், தொழில்கொள்வோர் 12 சதவீதம். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில்கொள்வோர் மட்டும் 3 சதவீதம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய். 2026 வரவு செலவுத் திட்டத்தில் இதை 1,550 ஆக்கி, அரசு தன் பங்காக 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவு தரும் என்று அறிவிக்கப்பட்டது. கீழே உள்ள கணக்கை 1,350இல் போடுகிறேன். உங்கள் கையில் உள்ள நடப்புத் தொகையை வைத்து நீங்களும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

மாதம் 25 பேர் போட்டவருக்கு, அதாவது 25 நாள் வேலை செய்தவருக்கு, 33,750 ரூபாய். அவரிடமிருந்து கழிப்பது 2,700. தோட்டம் சேர்ப்பது 4,050. இரண்டும் சேர்த்து 6,750 ரூபாய் அந்த மாதம் அவர் கணக்கில் விழ வேண்டும். நம்பிக்கை நிதிக்கு 1,012 ரூபாய் 50 சதம் தனி. செக்ரோலில் ஒரு நாள் விடுபட்டால் 1,350 ரூபாயோடு போகாது, தோட்டம் சேர்க்க வேண்டிய 162 ரூபாயும் 40 ரூபாய் 50 சதமும் கூடப் போகும். "அம்மா, இந்த மாசம் எத்தனை பேரு போட்டீங்க?" என்று அவரிடமே கேட்டுவிட்டுச் சம்பளத் துண்டைக் கொடுங்கள். கணக்கு அவர்களுக்குத் தெரியும். கொழுந்து நிறுத்த கிலோவைக்கூட மறக்கமாட்டார்கள்.

சம்பளம் மாதம் முடிந்து 10 நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும் என்பது சம்பள நிர்ணய சபைச் சட்டம். தோட்டங்களில் பத்தாம் திகதிச் சம்பளம் என்ற வழக்கம் அதற்குள் அடங்கும். நிதிப் பணம் அடுத்த மாதம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம். திகதி நெருங்கும்போது மேலதிகாரிக்கு எழுத்தில் ஞாபகப்படுத்துங்கள், வாயால் மட்டும் அல்ல.

சேவைக்காலப் பணத்துக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். குறைந்தது ஐந்து ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. 30 ஆண்டு வேலை செய்தவருக்கு 14 நாளை 1,350ஆல் பெருக்கினால் 18,900, அதை 30ஆல் பெருக்கினால் 5,67,000 ரூபாய். வேலையிலிருந்து நின்று 30 நாளுக்குள் இது கையில் கிடைக்க வேண்டும். சேர்ந்த திகதி கோப்பில் மூன்று ஆண்டு பிந்தி எழுதப்பட்டிருந்தால் 56,700 ரூபாய் குறையும். திகதி என்று நான் இவ்வளவு தூரம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கைகாசு ஆட்கள்

இந்தப் பகுதியில் உங்களுக்கு நெருக்கடி வரலாம். ஓய்வு பெற்றபின் கைகாசுக்குக் கொழுந்து எடுப்பவர்கள், வெளியிலிருந்து நாளுக்கு வருகிறவர்கள், கிலோக் கணக்கில் காசு வாங்குகிறவர்கள் இன்று எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். "இவங்க நிரந்தரம் இல்லையே, இவங்களுக்கு என்ன கோப்பு?" என்று யாராவது சொல்வார். சேமலாப நிதிச் சட்டம் நிரந்தரம், தற்காலிகம், நாட்கூலி, துண்டுவேலை என்று பிரிக்கவில்லை. தொழில்கொள்வோருக்குக் கீழ் வேலை செய்யும் ஊழியர் என்றால் முதல் நாளிலிருந்தே நிதி உண்டு. அவர்களுக்கும் கோப்புத் திறப்பது உங்கள் கடமை. நிர்வாகம் மறுத்தால், உங்கள் கருத்தை மரியாதையாக ஒரு குறிப்பில் எழுதி, திகதி போட்டுக் கொடுத்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் முடிவு எடுக்கும் அதிகாரம் உங்களிடம் இல்லை. ஆனால் தெரிந்தும் சொல்லாமல் இருந்தவர் நீங்கள் என்று நாளைக்கு ஒரு தாளும் சொல்லக்கூடாது.

வயதையும் கவனியுங்கள். 2021இலிருந்து 16 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்க முடியாது. அதே ஆண்டு வந்த 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி பொதுவாக 60 வயதுக்கு முன் ஒருவரைக் கட்டாயமாக ஓய்வில் அனுப்பவும் முடியாது.

குளவி, பிரசவம், மண்சரிவு

மலையில் குளவி கொட்டியது என்று தகவல் வந்தால் முதலில் ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், தாள் அதற்குப் பிறகு. ஆனால் அன்றைக்கே எழுதுங்கள்: நேரம், மலை நம்பர், என்ன வேலையில் இருந்தார், பக்கத்தில் யார் யார், எந்த வைத்தியசாலை. வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது. உரிமை இருந்தும் அன்றைய குறிப்பு இல்லாததால் இழுபடும் வழக்குகள் ஏராளம். ஒரு கிழமை கழித்து எழுதும் குறிப்பில் மலை நம்பர் மாறிவிடும், சாட்சி மறந்துவிடுவார்.

பிரசவ விடுமுறையில் பழைய பழக்கம் ஒன்று இன்னும் சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முன்பு உயிருடன் இரண்டு பிள்ளை இருந்தால் அடுத்த பிரசவத்துக்கு ஆறு கிழமைதான். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அது போய்விட்டது. எத்தனையாவது பிள்ளை என்றாலும் 12 கிழமை. திரும்பி வந்த பிறகு பிள்ளைக்குப் பால் கொடுக்க நாளைக்கு இரண்டு இடைவேளையும் உண்டு. பிள்ளைக் காம்பரா இருக்கும் தோட்டத்தில் ஒவ்வொன்றும் அரை மணி, இல்லாத இடத்தில் ஒரு மணி. கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் இதை எழுதியே கொடுங்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் முழுவதும் சரிவுகள். உயிர்களுக்குப் பிறகு போவது தாள்கள். லயத்து அறையின் தகரப் பெட்டிக்குள் பிறப்புச் சான்றிதழ், பீ கார்ட், வங்கிப் புத்தகம் எல்லாம் ஒன்றாக இருக்கும், போனால் எல்லாம் ஒன்றாகப் போகும். ஆகவே ஒவ்வொரு கோப்பையும் படம் பிடித்து, தோட்டத்து அலுவலகத்தில் ஒரு பிரதி, தலைமை அலுவலகத்தில் ஒரு பிரதி என்று இரண்டு இடத்தில் வையுங்கள். உங்கள் சொந்தத் தொலைபேசியில் வைக்காதீர்கள்.

வாசித்துக் காட்டுதல், வாய் காத்தல்

அலுவலகத்துத் தாள் பெரும்பாலும் இங்கிலீஷில். தொழில் அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் கடிதம் வந்துவிடும். கையெழுத்துப் போடுபவருக்குத் தமிழ்தான் தெரியும், சிலருக்குக் கைநாட்டு. எந்தத் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கும் முன் முழுவதையும் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். "ஒண்ணுமில்ல அம்மா, சும்மா ஒரு ஃபோர்ம்" என்று சொல்லும் பழக்கம் இந்த வேலையில் இருக்கவே கூடாது. கடன் கழிவு, சந்தா, தீபாவளி முற்பணம் என்று ஒவ்வொரு கழிவும் அவர் சம்மதித்து நடப்பது. எதற்குச் சம்மதிக்கிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். இதற்காகவே சிங்களத்தை வாசிக்கும் அளவுக்காவது படித்துக்கொள்ளுங்கள். ஆளணி முகாமைத்துவப் பட்டய நிறுவனத்தின் சான்றிதழ்ப் படிப்பு பதவி உயர்வுக்கு உதவும். அன்றாட வேலைக்கு மூன்று மொழிதான் உதவும்.

நீங்கள் பிறந்த லயத்திலேயே வேலையும் பார்க்கிறீர்கள் என்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாமா எவ்வளவு கடன் எடுத்தார், அடுத்த வீட்டு அக்காவுக்கு என்ன வருத்தம் என்று லீவு எடுத்தார் என்பதெல்லாம் உங்கள் மேசைக்கு வரும். வீட்டில் கேட்பார்கள். கோயில் திருவிழாவில் கேட்பார்கள். தொழிற்சங்கத் தலைவரும் கேட்பார். "அது ஒப்பீசு விஷயம் மாமா, அவங்ககிட்டயே கேளுங்க" என்று சிரித்த முகத்தோடு ஒரே பதிலைச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை சொன்னால் பிறகு கேட்கமாட்டார்கள். உங்களிடம் ஒன்றைச் சொன்னால் வெளியே போகாது என்று தெரிந்த பிறகுதான், மறைத்து வைத்திருந்த தாள்களை ஆட்கள் எடுத்துவந்து காட்டுவார்கள்.

இந்த மாதமே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. செக்ரோலை எடுத்து, 55 வயதைத் தாண்டியவர்கள் எல்லோரையும் ஒரு பட்டியலாக எழுதுங்கள். அவர்களுடைய ஐந்து தாள்களையும் முதலில் ஒப்பிடுங்கள். பெயர்த் திருத்தத்துக்கு மாதக்கணக்கில் காலம் எடுக்கும், சிலருக்கு ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும். ஓய்வு பெறும் நாளில் தொடங்கினால் அந்தக் காலம் முழுவதும் அவர்கள் கையில் காசில்லாமல் காத்திருக்க வேண்டும். இளையவர்களின் கோப்புகளை அதன் பிறகு பார்க்கலாம்.